முதலில் அடுக்கு, பிறகு கம்பி: உயர் அதிர்வெண் ட்ரான்ஸ்ஃபார்மரில் சுருள் சூட்டைக் குறைக்கும் வழி

சேலத்தில் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி மாற்றித் தரும் மின்வழங்கி) ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் கை பழகியவர்கள். விசைத்தறி மோட்டாரோ கிணற்று மோட்டாரோ எரிந்து வந்தால், பழைய கம்பியை உருவி, மைக்ரோமீட்டரில் கேஜ் பார்த்து, காடியில் இடம் இருந்தால் ஒரு கேஜ் தடித்த கம்பியாகவே போட்டு அனுப்புவது அங்கே நல்ல வேலைக்காரரின் அடையாளம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்தப் பழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே கையோடு 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பேட்டரி சார்ஜருக்குச் சுருள் சுற்ற உட்காரும்போதுதான் கம்பி நம் பேச்சைக் கேட்க மறுக்கிறது. அப்படி உட்காரப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வகுத்தல், பெருக்கல், வர்க்கமூலம் ஆகியவை தெரிந்தால் போதும்.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். சூரமங்கலம் பக்கம் ஒரு தகரக் கூரைப் பட்டறையில், மின்சார ஆட்டோவின் 48 வோல்ட் பேட்டரிக்கான சார்ஜருக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றினேன். ஈ.டி.டி. 39 என்ற அளவில் ஃபெரைட் கோர் (காந்தப்புலம் ஓடும் உள்ளகம்), மின்சாரம் நுழையும் முதன்மைச் சுருளில் 28 சுற்று, அது வெளியே வரும் துணைச் சுருளில் 14 சுற்று. முதன்மைக்கு 22 கேஜ் கம்பி போட்டிருந்தேன். அது பாபினில், அதாவது கம்பி சுற்றும் கூட்டில், ஒரே அடுக்கில் அடங்கியது. தை மாதத்தில் ஒழுங்காக ஓடிய அந்தச் சார்ஜர் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாமல் கொதித்தது. நானும் பழைய பழக்கத்தில் 22 கேஜைக் கழற்றிவிட்டு 20 கேஜ் போட்டேன் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிக்கும்). மல்டிமீட்டரில் பார்த்தால் மின்தடை நன்றாகக் குறைந்திருந்தது. சார்ஜரை ஓட்டினால், ஒரு மணி நேரத்துக்குள் வார்னிஷ் கருகும் வாசனை. தடித்த கம்பி போட்டபின் சூடு கூடியது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வாரங்கள் ஆயின. உங்களுக்கு அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

செம்புக்குள் நடப்பது

மாறுதிசை மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை விட்டு விலகி, மேற்பரப்பை ஒட்டியே ஓடப் பார்க்கும். இது தோல் விளைவு. மின்னோட்டம் எவ்வளவு ஆழத்துக்கு நுழைகிறது என்பதைத் தோல் ஆழம் என்கிறோம். சாதாரண வெப்பநிலையில் உள்ள செம்புக்கு, 66 என்ற எண்ணை ஹெர்ட்ஸில் சொன்ன அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் தோல் ஆழம் மில்லிமீட்டரில் கிடைக்கும். செம்பு 100 டிகிரி செல்சியஸில் இருந்தால் 66க்குப் பதில் 75 போட வேண்டும். 50 ஹெர்ட்ஸில் இது 9 மி.மீ.க்கு மேல் வருவதால் மோட்டார் கடையில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. 100 கிலோஹெர்ட்ஸில், சூடான செம்பில், 0.24 மி.மீ. மட்டுமே. 20 கேஜ் கம்பியின் விட்டம் 0.914 மி.மீ. என்பதால் அதன் நடுவில் உள்ள செம்பு வெறும் எடைக்காகத்தான் இருக்கிறது.

இவ்வளவுதான் விஷயம் என்றால் கம்பி தடிப்பதால் லாபம் குறையுமே தவிர நட்டம் வராது. நட்டத்தைக் கொண்டுவருவது இன்னொன்று: அண்மை விளைவு. ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் பக்கத்துக் கம்பிகளுக்குள் புகுந்து, அங்கே சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. கம்பியின் ஒரு விளிம்பில் முன்னோக்கியும் மறு விளிம்பில் பின்னோக்கியும் ஓடும் இந்த மின்னோட்டத்தால் வெளியே ஒரு வேலையும் நடப்பதில்லை. செம்பைச் சூடாக்குவது மட்டுமே அதன் காரியம். கம்பி தடிக்கத் தடிக்க இது பெருகும். அடுக்குகள் கூடக் கூட இன்னும் வேகமாகப் பெருகும்.

அடுக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதற்கு நம் ஊர் மலைப்பாதையே போதும். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறி, மறுபக்கம் குப்பனூர் சாலையில் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைச் சுருளின் ஒவ்வோர் அடுக்கும் காந்தப்புலத்தை ஒரு வளைவு மேலே ஏற்றுகிறது. முதன்மை முடிந்து துணைச் சுருள் தொடங்கும் எல்லைதான் உச்சி. துணைச் சுருளில் மின்னோட்டம் எதிர்த் திசையில் ஓடுவதால், அதன் ஒவ்வோர் அடுக்கும் புலத்தை ஒரு படி இறக்கிக் கடைசியில் சமதரைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஓர் அடுக்கில் எழும் சுழல் மின்னோட்டத்தின் சூடு, அந்த அடுக்கு நிற்கும் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே உச்சிக்கு அருகில் உள்ள அடுக்குகளே அதிகம் வேகின்றன. சூட்டைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் தொட வேண்டியது மலையின் உயரத்தைத்தான். கம்பியின் கேஜ் அதற்குப் பின்னால் வரும்.

கணக்கு

இதற்கான கணக்கை 1966இல் பி. எல். டவெல் வெளியிட்டார், இன்றும் பொறியாளர்கள் கையில் முதலில் எடுப்பது அதைத்தான். முழுச் சூத்திரத்தைக் கணினி விரிதாளில் போட்டு வைத்துக்கொள்ளலாம். புதியவருக்கு அதன் சுருக்க வடிவமே பெரும்பாலும் போதும். செம்பின் தடிமனைத் தோல் ஆழத்தால் வகுத்து ஒரு விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குகளின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி, 5ஆல் பெருக்கி, 1ஐக் கழித்து, 45ஆல் வகுங்கள். வந்த எண்ணை விகிதத்தின் வர்க்கத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள். நேர்திசை மின்தடையைப்போல் மாறுதிசை மின்தடை எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். விகிதம் 1ஐத் தாண்டாத வரை இந்தச் சுருக்கம் நம்பத் தகுந்தது. அதற்கு மேல் முழுச் சூத்திரமே வேண்டும். உருண்டைக் கம்பியைப் பொறுத்தவரை விட்டத்தை 0.886ஆல் பெருக்கிச் சம பரப்புள்ள சதுரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அடுக்கின் அகலத்தில் அந்தச் சதுரங்கள் எவ்வளவு பங்கை நிரப்புகின்றன என்று பார்த்து, அந்தப் பங்கின் வர்க்கமூலத்தால் விகிதத்தைப் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விகிதம் சரியாக 1 என்று வைத்து முழுச் சூத்திரத்தைப் போட்டால், ஓர் அடுக்குக்கு மின்தடை 1.09 மடங்கு, இரண்டுக்கு 1.4, நான்குக்கு 2.7, ஆறுக்கு 4.8 என்று ஏறுகிறது. கம்பியின் தடிமன் எல்லாவற்றிலும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் இன்னொன்று நடைமுறைக்கு மிகவும் உதவும்: அடுக்கு எண்ணிக்கையை மாற்றாமல் தடிமனை மட்டும் மாற்றிப் பார்த்தால், மாறுதிசை மின்தடை நேர்திசை மின்தடையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, அதாவது 1.33 மடங்காக, இருக்கும் இடத்தில்தான் மொத்தச் சூடு மிகக் குறைவாக இருக்கும். 1.33க்கு மேல் போய்விட்டால் கம்பி தேவைக்கு மேல் தடித்துவிட்டது என்று பொருள். ஓரடுக்குச் சுருளுக்கு மட்டும் இந்த எல்லை சற்றுத் தளரும். 100 கிலோஹெர்ட்ஸில், சூடான செம்புத் தகட்டுக்கு, நான்கு அடுக்கானால் 0.16 மி.மீ., எட்டு அடுக்கானால் 0.11 மி.மீ. என்று இந்த விதி சொல்கிறது.

இப்போது என் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். பாபினின் அகலம் 25.7 மி.மீ., ஒரு சுற்றின் சராசரி நீளம் 69 மி.மீ., முதன்மையில் 4 ஆம்பியர், துணையில் 8 ஆம்பியர், செம்பு 100 டிகிரியில். மின்னோட்டத்தை எளிமைக்காகச் சுத்தமான சைன் அலையாக எடுத்துக்கொள்கிறேன். உண்மையில் அது சதுர அலைக்கு நெருக்கமானது, மேல் அதிர்வெண் கூறுகளும் சேர்வதால் நிஜச் சூடு இதைவிடச் சற்றுக் கூடும்.

முதலில் போட்ட 22 கேஜ், விட்டம் 0.711 மி.மீ., 28 சுற்றும் ஒரே அடுக்கு. நேர்திசை மின்தடை 0.11 ஓம், மாறுதிசையில் அது 2.1 மடங்காகி 0.23 ஓம், சூடு 3.7 வாட். நான் பெருமையோடு மாற்றிய 20 கேஜில் நேர்திசை மின்தடை 0.067 ஓமாகக் குறைந்தது உண்மை. ஆனால் எனாமலோடு சேர்த்து 28 சுற்றுக்கு 27 மி.மீ. அகலம் தேவைப்பட்டதால், இடம் போதாமல் இரண்டு அடுக்காகப் பிரித்துச் சுற்றினேன். அடுக்கு ஒன்று கூடியதில் மாறுதிசை மின்தடை 6.4 மடங்காகி 0.43 ஓமுக்குப் போய்விட்டது. சூடு 6.8 வாட். செம்பின் பரப்பை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டிச் சூட்டை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருக்கிறேன். இன்னும் வெட்கப்பட வைப்பது, 27 கேஜ் கம்பியை ஒற்றை இழையாக ஒரே அடுக்கில் சுற்றியிருந்தால், அந்தச் செம்பு 20 கேஜில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றாலும், மின்தடை 0.35 ஓமோடு நின்றிருக்கும். அன்று என் கையில் மல்டிமீட்டர் மட்டும் இருந்தது. அது நேர்திசை மின்தடையைத்தான் காட்டும். இந்த வேலையில் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அடுக்குகளை மாற்றிப் போடுதல்

முதல் வேலை, முதன்மையையும் துணையையும் சாண்ட்விச் முறையில் சுற்றுவது. முதன்மைச் சுருளின் 28 சுற்றில் 14ஐ முதலில் சுற்றுங்கள். அதன்மேல் காப்பு டேப். பிறகு துணைச் சுருள் முழுவதும். மீண்டும் டேப். மேலே மீதி 14 சுற்று. முதன்மையின் இரண்டு பாதிகளையும் தொடர் இணைப்பில் சேர்க்க வேண்டும். ஒரு பெரிய மலைக்குப் பதில் பாதி உயரமுள்ள இரண்டு குன்றுகள் இப்போது நிற்கின்றன. புலம் பாதியானால் சுழல் மின்னோட்டச் சூடு நான்கில் ஒன்று.

என் ட்ரான்ஸ்ஃபார்மரில் முதன்மையின் ஒவ்வொரு பாதிக்கும் 28 கேஜ் கம்பி நான்கு இழைகளைப் பக்கம் பக்கமாக வைத்து 14 சுற்று சுற்றினேன். எனாமலோடு 0.42 மி.மீ. வரும் 56 கம்பிகள் 23.5 மி.மீ. அகலத்தில் ஒரே அடுக்காக அடங்கின. மாறுதிசை மின்தடை 0.11 ஓம், சூடு 1.8 வாட். துணைச் சுருளில் நான் ஒன்றையும் மாற்றவில்லை. பழைய 18 கேஜ் கம்பிதான், பழைய ஓரடுக்குதான். முன்பு முதன்மைக்கு மேல் வெளிப்பக்கமாக இருந்தபோது அதன் சூடு 4.1 வாட். இரண்டு பாதிகளுக்கு நடுவில் அமர்ந்ததும், இருபக்க மேற்பரப்பிலும் மின்னோட்டம் பிரிந்து ஓடத் தொடங்கி, 1.9 வாட்டாக இறங்கியது. மொத்தத்தில் 10.9 வாட் 3.7 வாட்டானது. புதியவர்கள் கேட்பார்கள், மெல்லிய நான்கு இழைகளால்தானே இந்தப் பலன் என்று. இல்லை. அதே 28 கேஜில் இரண்டு இழைகளை எடுத்து, சாண்ட்விச் இல்லாமல் 28 சுற்றையும் ஓரடுக்காகச் சுற்றினால் 0.23 ஓம் வருகிறது. அது நான் முதலில் போட்ட ஒற்றை 22 கேஜ் கொடுத்த அதே எண்.

சாண்ட்விச்சுக்கு விலையும் உண்டு. முதன்மைக்கும் துணைக்கும் இடையே மின்தேக்குத்திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதனால் இரைச்சல் கடப்பது கூடும். காப்பு டேப்பும் இரண்டு எல்லைகளில் வேண்டும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது: ஒரு பக்கம் வீட்டு மின்சாரத்தைத் திருத்திய 300 வோல்ட்டுக்கு மேல், மறுபக்கம் ஆள் கை வைக்கும் பேட்டரி முனை. மேலே சொன்ன கணக்கில் ஓர இடைவெளியை நான் சேர்க்கவில்லை. இரு ஓரங்களிலும் 3.2 மி.மீ. அகலத்துக்கு மார்ஜின் டேப் சுற்றினால், மிஞ்சுவது 19.3 மி.மீ. முதன்மையில் நான்கு இழைக்குப் பதில் மூன்றுதான் அடங்கும். மொத்தச் சூடு 4.7 வாட் ஆகும். அந்த ஒரு வாட் பாதுகாப்புக்குக் கொடுக்கும் கூலி.

துணைச் சுருளில் நடுமுனை எடுத்து இரண்டு டையோடு போடும் சுற்றமைப்பாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஒரு பாதி வேலை செய்யும்போது மறு பாதியில் வெளி மின்னோட்டம் இல்லை என்றாலும், காந்தப்புலம் அதன் வழியாகப் போகும் இடத்தில் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்தே தீரும். சும்மா இருக்கும் செம்பும் சூடாகும். இரைச்சலைத் தடுக்கச் சுருள்களுக்கு இடையே வைக்கும் தகட்டுக் கவசத்துக்கும் இதே கதி. அதை முடிந்தவரை மெல்லியதாக வையுங்கள்.

தகடா, லிட்ஸா, உருண்டைக் கம்பியா

செம்புத் தகடு ஒன்று முதல் நான்கு சுற்றுவரை உள்ள, அதிக மின்னோட்டச் சுருளுக்கு அருமையான பொருள். அதைத் தாண்டினால் ஆபத்து, ஏனென்றால் தகட்டில் ஒவ்வொரு சுற்றும் ஓர் அடுக்கு. என் 14 சுற்றுத் துணைச் சுருளைத் தகட்டில் சுற்றினால் 14 அடுக்கு. சாண்ட்விச் செய்தாலும் பாதிக்கு ஏழு. ஒரு தகடு போதவில்லை என்று இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இரு முனைகளிலும் சேர்த்து சால்டர் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உச்சிப் பக்கத்துத் தகடு மின்னோட்டத்தைத் தன்னிடமே இழுத்துக்கொள்ளும். மற்றது பெயருக்கு இருக்கும்.

லிட்ஸ் கம்பி பார்த்திராதவர்கள், பழுதாகிக் கிடக்கும் ஓர் இண்டக்ஷன் அடுப்பைத் திறந்து பாருங்கள். கண்ணாடித் தட்டுக்குக் கீழே வட்டமாகச் சுற்றியிருக்கும் அந்தக் கயிறு, தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. ஒரு முனையை வெட்டிப் பிரித்தால் தலைமுடிபோல் விரியும். மொத்தச் செம்பின் பரப்பை மாற்றாமல் இழையின் விட்டத்தைப் பாதியாக்கினால் அண்மை விளைவின் சூடு நான்கில் ஒன்றாகிறது. லிட்ஸின் பலம் முழுவதும் இந்தக் கணக்கில்தான். 100 கிலோஹெர்ட்ஸுக்கு 0.1 மி.மீ. இழை, அதாவது 42 கேஜ், நல்ல தொடக்கம்.

ஆனால் இழைகள் பலவாக இருப்பதால் மட்டும் அது லிட்ஸ் ஆகிவிடாது. ஒவ்வோர் இழையும் கயிற்றின் உள்ளும் புறமும் மாறி மாறி வர வேண்டும். கை டிரில்லில் கொக்கி மாட்டி ஒரே திருகாக முறுக்கினால் வெளியே இருக்கும் இழை கடைசிவரை வெளியேயே இருக்கும். ஒரே திருகில் எத்தனை இழைவரை போகலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: தோல் ஆழத்தை இழை விட்டத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 4ஆல் பெருக்குங்கள். 42 கேஜுக்கு 100 கிலோஹெர்ட்ஸில் 20க்குச் சற்று மேல் வரும். அதற்கு மேல் இழைகள் வேண்டுமானால், 20 இழைத் திருகுகளாகச் செய்து, அவற்றில் மூன்றையோ ஐந்தையோ சேர்த்து மறுபடி முறுக்குங்கள்.

லிட்ஸில் இடம் வீணாகும் என்பதையும் சொல்ல வேண்டும். எனாமலும் இழைகளுக்கு இடையேயான வெற்றிடமும் போக, செம்புக்குக் கிடைக்கும் பங்கு ஒற்றைக் கம்பியைவிடக் கணிசமாகக் குறைவு. சுருளில் இரண்டே அடுக்கு இருக்கிறது, சாண்ட்விச்சும் செய்தாயிற்று என்றால் லிட்ஸுக்குப் பணம் போடுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குக் கம்பி இழுக்கும் நண்பர் ஒருவர், "செம்பு என்ன செம்பு, வெள்ளியிலேயே சுற்றித் தரட்டுமா?" என்று ஒரு முறை கேட்டார். வெள்ளியின் மின்தடை செம்பைவிட 5 முதல் 6 சதவீதம்தான் குறைவு. கடத்துதிறன் கூடினால் சுழல் மின்னோட்டமும் உற்சாகமாகவே ஓடும் என்பதால், மெல்லிய இழைகளில் அண்மை விளைவின் சூடு அதே அளவுக்குக் கூடவும் செய்யும். வெள்ளி கொலுசிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

முனைகளை சால்டர் வைப்பது சின்ன வேலையாகத் தெரியும். லிட்ஸில் பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. பாலியூரிதேன் எனாமல் பூசிய இழைகளை 400 டிகிரி அளவில் உள்ள சால்டர் பானையில் சில விநாடிகள் முக்கினால் எனாமல் கரைந்து ஈயம் பிடித்துவிடும். மோட்டார்க் கம்பியின் எனாமல் அப்படிக் கரையாது, சுரண்டித்தான் ஆக வேண்டும். முக்கிய பிறகு முனையைக் குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நடுவில் செம்பு நிறப் புள்ளிகள் தனித்தனியே தெரிந்தால் ஈயம் உள்ளே போகவில்லை. முழுக்க வெள்ளி நிறமாக இருக்க வேண்டும். 60 இழைகளில் 15 பிடிக்காமல் போனால், நான்கில் ஒரு பங்குச் செம்பை நீங்களே வெளியே தள்ளிவிட்டீர்கள். நீளத்தையும் பரப்பையும் வைத்துக் கணக்கிட்ட நேர்திசை மின்தடையோடு அளந்ததை ஒப்பிட்டால் இது பிடிபடும்; மில்லிஓம் மீட்டர் இல்லாதவர்கள் 1 ஆம்பியர் செலுத்தி மில்லிவோல்ட் பார்த்தால் போதும்.

சோக்கும் காற்று இடைவெளியும்

சார்ஜரின் வெளியீட்டுப் பக்கத்து சோக்கில், அதாவது மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் ஒற்றைச் சுருளில், கதை வேறு. அதில் 8 ஆம்பியர் நேர்திசை மின்னோட்டம் ஓடும். அதன்மேல் ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு உச்சிக்கு உச்சி ஏறி இறங்கும் சிற்றலை மட்டுமே மாறுதிசை. முக்கோண அலையாதலால் அதை 3.46ஆல் வகுக்க, ஆர்.எம்.எஸ். மதிப்பு (சூட்டுக் கணக்குக்கு எடுக்கும் சராசரி) 0.43 ஆம்பியர். நேர்திசை மின்தடை 10 மில்லிஓம், சிற்றலை அதிர்வெண்ணில் அது 20 மடங்கு என்று மோசமாகவே வைத்துக்கொண்டாலும், நேர்திசைச் சூடு 0.64 வாட், சிற்றலைச் சூடு 0.04 வாட்டுக்குள். இங்கே உங்கள் மோட்டார் கடைப் பழக்கத்தை வெட்கமில்லாமல் கொண்டுவரலாம். தடித்த கம்பியே சரி. சிற்றலை பெரிதாக உள்ள சுருள்களில், ஃப்ளைபேக் (ஆற்றலைக் கோரில் சேமித்துப் பிறகு வெளியே விடும் சுற்றமைப்பு) போன்றவற்றில், மறுபடி முன்சொன்ன கணக்குக்கே திரும்ப வேண்டும்.

ஆனால் சோக்கில் காற்று இடைவெளி உண்டு. கோரின் நடுத் தூணில் வெட்டிய இடைவெளியில் காந்தப்புலம் நேராகத் தாண்டாமல் வெளியே புடைத்துக்கொண்டு போகும். அந்தப் புடைப்பு நுழையும் இடத்தில் செம்பு இருந்தால் அது மட்டும் தனியாக வேகும். எரிந்துபோன ஒரு சோக்கைப் பிரித்தபோது பார்த்தேன்: மேல் அடுக்குகளில் டேப் புதிதுபோல் மஞ்சளாக இருந்தது, உள்ளே போகப் போக, பாபினின் நட்ட நடுவில், சரியாக இடைவெளிக்கு எதிரே, வறுத்த ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு வளையம். அதற்கு இரு பக்கமும் நான்கு மி.மீ. தள்ளிக் கம்பி பளபளவென்று இருந்தது. மொத்த சோக்கும் சூடாகி எரிந்திருந்தால் இப்படி ஒரு வளையம் வந்திருக்காது.

இதற்கு மருந்து, இடைவெளி நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரத்துக்குச் செம்பை விலக்கி வைப்பது. பாபினின் நடுப்பகுதியில் முதலில் டேப்பைத் தடிமனாகச் சுற்றிவிட்டு அதன்மேல் கம்பியை ஏற்றலாம். ஒரே பெரிய இடைவெளிக்குப் பதில் சிறு சிறு இடைவெளிகள் பலவாக உள்ள கோர் கிடைத்தால் இன்னும் நல்லது. இடைவெளிக்கு அருகே தகடு மட்டும் கூடவே கூடாது. உருண்டை லிட்ஸ் அந்த இடத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

அளந்து பார்த்தல்

சுற்றி முடித்ததும் வார்னிஷ் வைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள், திருத்த வேண்டியிருந்தால் பிரிக்க வசதியாக இருக்கும். துணைச் சுருளின் முனைகளை அகலமான, குட்டையான செம்புப் பட்டையால் குறுக்கிணைத்து, முதன்மையை எல்.சி.ஆர். மீட்டரில் (தூண்டலையும் மின்தடையையும் வேண்டிய அதிர்வெண்ணில் அளக்கும் கருவி) நான்கு கம்பிக் கவ்வியால் பிடியுங்கள். முதலில் 1 கிலோஹெர்ட்ஸில் மின்தடை, பிறகு 100 கிலோஹெர்ட்ஸில் மின்தடை. இரண்டின் விகிதமே இரு சுருள்களுக்கும் சேர்த்த மடங்கு. துணைச் சுருளின் மின்தடை சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருகித் தெரியும். என் ட்ரான்ஸ்ஃபார்மரில் 28க்கு 14 என்பதால் நான்கு மடங்கு. அப்படிச் சேர்த்தால் பழைய வைப்பில் 0.68 ஓம், சாண்ட்விச்சில் 0.23 ஓம் என்பது சூடான செம்புக்கான கணக்கு. மேசைமேல் குளிர்ந்து கிடக்கும்போது அளவு குறைவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

அதே அளவீட்டில் கசிவுத் தூண்டலும் (இரு சுருள்களையும் இணைக்காமல் நழுவும் காந்தப்புலத்தால் வரும் தூண்டல்) திரையில் தெரியும். சாண்ட்விச் சரியாக அமைந்திருந்தால் அது பழையதில் ஏறக்குறைய நான்கில் ஒன்றாக இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் முதன்மையின் பாதிகளில் ஒன்றைத் தலைகீழாக இணைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். மீட்டரைப் பற்றி ஒரு சொல்: கசிவுத் தூண்டல் 10 மைக்ரோஹென்றி என்றால் 100 கிலோஹெர்ட்ஸில் அது மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு 6.3 ஓம். மீட்டர் கோணத்தில் பத்தில் ஒரு டிகிரி பிழைத்தாலும் மின்தடையில் 0.01 ஓம் பிழை வரும். ஆகவே மூன்றாம் தசம இடத்தைப் பார்த்துக் கொண்டாடாதீர்கள். அளப்பதற்கு முன் கவ்விகளை விலக்கி வைத்தும் ஒன்றோடொன்று தொடவைத்தும் மீட்டரைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக வெப்பநிலை. வெப்ப இணையின் (தெர்மோகப்பிள்) முனையை முதன்மைக்கும் துணைக்கும் இடையிலான டேப்புக்கு அடியில், சுற்றும்போதே செருகி, அதன் கம்பிகளை வெளியே எடுத்துவிடுங்கள். கோரின் மேல் ஒட்டினால் கோரின் சூடுதான் தெரியும். அந்த முனை முதன்மைக்கு அருகில் இருப்பதால், கையில் பிடிக்கும் வெப்பமானி மின்கலத்தில் ஓடுவதாக இருக்க வேண்டும். ஓடும்போது அதைத் தொடவும் கூடாது. முழுச் சுமையில் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். சூடேறினால் செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதத்தை ஒட்டி ஏறும் என்பதால் முதல் கால் மணி நேரத்து அளவு எதற்கும் உதவாது. அளந்ததிலிருந்து அன்றைய அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு, 45ஐக் கூட்டி எழுதி வைக்கிறேன்; சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே, பெட்டிக்குள், அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் சந்திக்கப்போவது அந்த எண்ணைத்தான். சாண்ட்விச் செய்த முதல் ட்ரான்ஸ்ஃபார்மரை நான் மார்கழியில் சோதித்தேன். தாளில் அன்று எழுதிய எண்ணுக்கும் மே மாதம் பெட்டியைத் திறந்து அளந்த எண்ணுக்கும் நான்கு டிகிரிதான் வித்தியாசம்.